கூட்டல் ஐந்து

வீடு,
ஞாயிறு காலை.

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. வருடத்துக்கு ஒன்றுதான் என்றாலும் பத்தொன்பது வருடமாகத் தவறாமல் எழுதுகிறீர்கள். நான்தான் பதில் போட மாதக்கணக்கில் இழுத்தடிப்பேன். இந்த முறை மூன்றாம் நாளே உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் ஒன்றைத் தவிர என் உடம்புக்குக் குறை எதுவும் இல்லை. அங்குள்ள குளிர் உங்கள் உடம்புக்கு ஒத்துப்போகிறதா என்று எழுதவும்.

ஓய்வு பெற்றாயிற்றா என்று கேட்டிருந்தீர்கள். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அலுவலகம் அதே கட்டடத்தில், அதே மூன்றாவது மாடியில்தான் இருக்கிறது. நம் ஜன்னலுக்கு எதிரே இருந்த சுவரும் அப்படியே நிற்கிறது. ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். ஆவணப் பிரிவில் இப்போது ஒன்பது பேர். ஒவ்வொருவர் காதிலும் ஒரு கருவி. ஏதாவது கேட்க வேண்டுமானால் பஸ்ஸை நிறுத்துவது போலக் கை காட்ட வேண்டியிருக்கிறது. உங்களைத் தெரிந்தவர்களில் கடைசி ஆள் நான்தான்.

வரும் மாதத்தோடு என் வீட்டுக்காரர் போய் மூன்று வருடம் ஆகிறது. இரண்டு அறைக்கு ஒருத்தி. அரை ரொட்டிதான் வாங்குகிறேன், அதிலும் கடைசி இரண்டு துண்டு காய்ந்துபோகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரிடமும் பேச வேண்டிய தேவை வருவதில்லை. திங்கட்கிழமை காலையில் வாசல் காவல்காரருக்கு வணக்கம் சொல்ல வாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வருகிறது. போன வாரம் அவர், "தொண்டை சரியில்லையா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இப்போது ஒரு புது வேலை வந்து சேர்ந்திருக்கிறது. புது மேனேஜர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. ஒருநாள் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மேடம், நாம தினமும் வாயில போட்டு மெல்றோமே, அந்த வார்த்தைங்களுக்கெல்லாம் அர்த்தம் எழுதி ஒரு சின்னப் புத்தகம் பண்ணிக் கொடுத்துட்டுப் போங்க. புதுசா வர்றவங்க கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டு இன்னும் கொழம்பிப் போறாங்க" என்றார். கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்குத் தாள் தயாரித்துக் கொடுக்கும் பிழைப்பில் எத்தனை சொல் இருந்துவிடும் என்று எண்ணிப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியது.

எழுத உட்கார்ந்தால் எல்லாம் உங்கள் குரலிலேயே வருகிறது. பில் ஆஃப் லேடிங். சரக்கைக் கப்பல்காரர் வாங்கிக்கொண்டதற்கு அது ரசீது. கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஒப்பந்தமும் அதுதான். மூலத்தாள் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சரக்கைக் கேட்டு வாங்க முடியும். இப்படி நான் எழுதி முடிப்பதற்குள், "வீட்டுக்கு மூத்த மருமக மாதிரிடி இது. மூணு வேலையும் இது தலையிலதான்" என்று நீங்கள் சொன்னது காதில் விழுகிறது. அதைப் புத்தகத்தில் சேர்க்கலாமா என்று மேனேஜரைக் கேட்டேன். சிரித்தார். சேர்க்க வேண்டாம் என்றார்.

எஃப்.ஓ.பி. என்ற விலை நிபந்தனையைச் சாப்பாட்டு டப்பாவை வைத்துச் சொல்லிக்கொடுத்தீர்களே, நினைவிருக்கிறதா? "உன் மேசை கப்பல்னு வச்சுக்கோ. அதுல டப்பாவ ஏத்துற வரைக்கும் என் பொறுப்பு. ஏத்தின பிறகு கொட்டினா உன் தலையெழுத்து." அப்படியானால் சி.ஐ.எஃப். என்ன என்று கேட்டேன். "கப்பல் கூலியும் இன்ஷூரன்சும் சேத்து நானே கட்டிடுவேன். ஆனா ஏத்தின பிறகு கொட்டினா அப்பவும் உன் தலையெழுத்துதான்" என்றீர்கள். பிறகென்ன வித்தியாசம் என்றேன். "இன்ஷூரன்ஸ்காரன்கிட்டப் போய் அழலாம்ல" என்றீர்கள். டப்பாவை மேசையில் வைக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லியே நான் வேலை கற்றுக்கொண்டேன். நான் வரிக்கு நாலு கமா போடுகிறேன் என்று எனக்குக் கமா என்றே பெயரும் வைத்தீர்கள். இன்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை.

நோட்டிஃபை பார்ட்டிக்கு, சரக்கு வந்து சேர்ந்ததும் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டுமோ அவர் என்று எழுதினேன். சரக்கு அவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று நீங்கள் சேர்க்கச் சொல்வதையும் மறக்காமல் சேர்த்தேன். அறுபதும் முடிந்த மாதிரிதான். ஒரே ஒரு சொல் பாக்கி. நாலு தடவை பேனாவை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைத்தால் எழுதுங்கள்.

என்றும் உங்கள்,
கமா.

*

வீடு,
சனி மதியம்.

அன்புள்ள அக்கா,

இந்த முறை உங்கள் பதில் மூன்றே வாரத்தில் வந்துவிட்டது. கதவுக்குக் கீழே கிடந்த உறையைப் பார்த்ததும் ஏதாவது கெட்ட செய்தியோ என்று பயந்து, நின்றுகொண்டே பிரித்தேன்.

நீங்கள் எழுதியிருந்ததை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன். "அந்த ஒரு சொல் எதுன்னு எனக்குத் தெரியும்டி. ரீஃபர்தானே? எனக்காகப் பாத்து நிக்காத. தப்பு என்னோடது, அதுக்கு நீ எதுக்குப் பேனாவக் கீழ வைக்கிற?" தப்பு உங்களுடையது என்று வருடாவருடம் எழுதுவதுதான். ஆனால் அதற்குப் பிறகு, எந்த வருடமும் எழுதாத ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். "அன்னையிலிருந்து என் கண்ண நான் நம்புறதில்ல. மருந்துச் சீட்டக்கூட பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்டப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுதான் சாப்பிடுறேன். இங்க ரெண்டு கம்பெனில காகித வேலைக்குக் கூப்பிட்டாங்க. வேண்டாம்னுட்டேன். சலவை நிலையத்துல விரிப்பு மடிக்கிறேன். அதுல யாரும் கெட்டுப்போற மாதிரி தப்பு நடக்காது."

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அலுவலகம் போகவில்லை. தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று உங்கள் எண்ணை எடுத்தும் வைத்தேன். ஆனால் ஃபோனில் சொன்னால், நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் பரவாயில்லை என்று சொல்லிவிடுவீர்கள். உங்கள் சுபாவம் அது. நீங்கள் அப்படிச் சொல்லக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படியுங்கள்.

அக்கா, தப்பு உங்களுடையது இல்லை. என்னுடையது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்து, கப்பலில் ஏற்றும் ஒரு ரீஃபர் குளிர்ப்பெட்டி நிறைய. பெட்டிக்குள் கூட்டல் ஐந்து டிகிரி இருக்க வேண்டும். தாளைத் துறைமுகத்தில் கொடுக்கக் கடைசி நேரம் மாலை ஐந்து. இரண்டு பக்கமும் நான் தட்டினேன். நீங்கள் வழக்கம்போல மர ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி, சரியாக இருந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டு, இரண்டாம் பக்கத்தின் அடியில் கையெழுத்தைச் சுருக்கிப் போட்டுவிட்டு, பல் வைத்தியரிடம் போவதாகச் சொல்லி மூன்றரைக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

நாலே முக்காலுக்கு மருந்துக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அட்டைப்பெட்டிகள் நானூற்று இருபது இல்லை, நானூற்றுப் பன்னிரண்டு என்றார்கள். முதல் பக்கத்தை நான் மறுபடி தட்ட வேண்டியதாயிற்று. கூட்டல் குறியும் கழித்தல் குறியும் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வரி மாறினாலும் அந்தத் தாள் மறுபடி சரிபார்க்கிறவர் கைக்குப் போக வேண்டும் என்பதும் நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். இன்னொரு சரிபார்ப்பவர் அறையின் அந்தக் கோடியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் பையன் ஒருவன் தாளுக்காக நிற்கிறான் என்று கத்தினார்கள். பழைய முதல் பக்கத்தை உருவி என் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, புதியதை உங்கள் கையெழுத்திருந்த இரண்டாம் பக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினேன். அதில் கழித்தல் ஐந்து என்று இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது. இதை மட்டும் நம்புங்கள். ஆனால் மூன்றாவது வாரம் பெட்டியைத் திறந்தார்கள், மருந்து முழுக்க உறைந்து கிடக்கிறது, ஒரு சொட்டுக்கூட உதவாது என்று செய்தி வந்த அன்று, எல்லோரும் கோப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் என் இழுப்பறையைத் திறந்தேன். பழைய பக்கம் அங்கேயே கிடந்தது. கூட்டல் ஐந்து. அதற்குப் பக்கத்தில் உங்கள் பென்சில் டிக். அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அதுதான் நான் தெரிந்தே செய்தது.

தாள் வெளியே போகுமுன் பென்சில் குறிகளை அழித்துவிடுவது நம் வழக்கம். அதனால் புதிய பக்கத்தில் குறி இல்லையே என்று யாரும் சந்தேகப்படவில்லை. அன்று பதினேழு சரக்கின் தாள்களைப் பார்த்திருந்தீர்கள். பெட்டிக் கணக்கு மாறியிருந்ததும் உங்கள் கண்ணில் படவில்லை. பழைய மேனேஜர் எல்லோர் முன்னாலும், "கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குனீங்களா?" என்று கேட்டார். நீங்கள் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "நான் பாத்தேன் சார். ஆனா இங்க இப்படி இருக்குன்னா, நான் சரியாப் பாக்கலன்னுதான் அர்த்தம்" என்றீர்கள். நான் உங்களுக்கு மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். கைப்பை என் தோளில் இருந்தது.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். என்னை வேலையில் நிரந்தரமாக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அவருக்கு வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அலுவலகம் கொடுத்த மருத்துவ அட்டையை வைத்துத்தான் ஆஸ்பத்திரியில் உள்ளேயே விட்டார்கள். உங்கள் வீட்டில் இன்னொரு சம்பளம் இருக்கிறது, நீங்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். காரணம் என்று எடுத்து வைத்தால் இவ்வளவுதான் இருக்கிறது. எழுதிப் பார்க்கும்போது இன்னும் சின்னதாகத் தெரிகிறது.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் நான் அழுதேன். "வேல போனது எனக்கு, நீ எதுக்குடி அழற?" என்று கேட்டு உங்கள் கைக்குட்டையைக் கொடுத்தீர்கள். அதற்கு அடுத்த மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, "எனக்குத்தான் இப்ப வேல இல்லையே, நீ லீவு போடாத" என்று பதினோரு நாள் பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் அலுவலகத்தில் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். சாகும்வரை அவர் உங்களைப் பற்றிப் பேசுவார். "அந்த அக்கா மாதிரி ஒரு மனுஷி இனிமே நமக்குக் கெடைக்கமாட்டாங்க" என்பார். அவரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், என் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்.

அந்த மருந்துக்காக அந்தக் கரையில் காத்திருந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. மாற்று மருந்து போய்ச் சேர ஒரு மாதம் ஆயிற்று என்பது மட்டும் தெரியும். தெருவில் யாராவது கைக்குழந்தையோடு போனால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அவர் அதை எங்களுக்குப் பிள்ளை இல்லாத ஏக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இதோடு அந்த முதல் பக்கத்தை வைத்திருக்கிறேன். நகல் இல்லை, அன்று உங்கள் கை பட்ட அதே தாள். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. மேலிருந்து பதினாலாவது வரியைப் பாருங்கள். உங்கள் கண் சரியாகத்தான் பார்த்தது அக்கா. அன்றைக்கு எந்தத் தப்பும் அதற்குத் தெரியாமல் போகவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள்.

கமா.

*

வீடு,
புதன் காலை.

அன்புள்ள அக்காவுக்கு,

கொஞ்ச நாள் எழுதாதே என்று நீங்கள் சொல்லி ஏழு மாதம் ஆகிறது. உங்கள் பேச்சை மீறி எழுதுகிறேன். ஒரு தாளை உங்களிடம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் நாலு வரிக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. தாள் வந்தது என்று முதல் வரி. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், டிக் என்னுடையதுதான் என்று இரண்டாவது. "இத்தன வருஷமா நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்டி, நீ அதப் படிச்சுக்கிட்டே இருந்திருக்க" என்று மூன்றாவது. நாலாவதில் எழுதாதே என்றீர்கள். நீங்கள் பரவாயில்லை என்று எழுதவில்லை. அது நியாயம்தான். அந்த வார்த்தை வராதபோதுதான் நீங்கள் என்னை முதல்முறையாக ஒரு ஆளாக மதித்தது போல எனக்கு இருந்தது.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "மேடம், அந்த ஃபைலெல்லாம் கிழிச்சுப் போட்டாச்சு. அன்னைக்கு இருந்தவங்கள்ல யாருமே இப்ப இல்ல. இன்னும் ரெண்டு மாசத்துல கெளம்பப் போறீங்க. இத எதுக்குக் கெளறணும்?" என்றார். ஒருவர் இருக்கிறார், விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறார் என்றேன். யோசிக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் அறை வாசலில் போய் நின்றேன். ஏழாவது திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அலுவலகத் தாளில், முத்திரையோடு, நாலே வரி. அன்று நீங்கள் சரிபார்த்த தாளில் பிழை இல்லை என்றும், உங்களுக்குத் தெரியாமல் பிறகு மாற்றப்பட்ட பக்கத்தில்தான் பிழை ஏற்பட்டது என்றும், உங்களை நீக்கியது தவறு, அதற்கு அலுவலகம் வருந்துகிறது என்றும் இருக்கிறது. நீங்கள் போன பிறகு இருபது வருடம் கழித்து வந்து என்ன செய்ய என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இருந்தாலும் இதோடு வைத்திருக்கிறேன். அதில் ஒரு கமாகூட நான் போட்டதில்லை, எல்லாம் அவர் எழுதியது.

புத்தகமும் அச்சாகிவிட்டது. விட்டுவைத்த சொல்லுக்கு இப்படி எழுதினேன். ரீஃபர் என்பது உள்ளே இருக்கும் பொருளுக்கு வேண்டிய குளிரை, கூடாமலும் குறையாமலும், போய்ச் சேரும் வரை காக்கும் பெட்டி. எத்தனை டிகிரி என்பதைக் குறியால் மட்டும் எழுதாதீர்கள், பூஜ்யத்துக்கு மேல் ஐந்து என்று எழுத்தாலும் எழுதுங்கள். ஒரு வரியை மாற்றித் தட்டினாலும் அந்தத் தாளைச் சரிபார்த்தவரிடமே திரும்பக் கொடுங்கள், கப்பல் போனாலும் போகட்டும். கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகமோ என்று மேனேஜர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். விட்டுவிட்டார்.

கடைசி நாளன்று பிரிவில் எல்லோரும் கேக் வாங்கி வைத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். காதுக் கருவியைக் கழற்றிவிட்டு ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை முகத்தையும் ஒன்றாக நான் பார்த்தது அன்றுதான். நான் எழுதி வைத்திருந்த நன்றியுரையைப் பேசவில்லை. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னேன், நீங்கள் நின்ற இடத்தையும் நான் நின்ற இடத்தையும் காட்டிச் சொன்னேன். முடித்தபோது கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் எழுந்து கேக்கை வெட்டினாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். அதைக் காகிதத் தட்டோடு ஏந்திக்கொண்டு படியில் இறங்கி வந்தேன். லிஃப்ட்டில் யாரோடும் நிற்க முடியும் என்று தோன்றவில்லை.

இப்போது வாரத்தில் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். காலையில் எழுந்து துணி துவைக்கிறேன், ஒரு ஆளின் துணி, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. பிறகு ஜன்னல் கதவுகளைத் திறக்கிறேன். தபால்காரர் பதினொன்றரைக்கு இந்தத் தெருவில் திரும்புவார். அவர் அடுத்த வாசலுக்குப் போன பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

உங்களை அந்தக் கம்பெனிகள் மறுபடி கூப்பிட்டால் போங்கள் அக்கா. கூப்பிடாவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள், இந்த நாலு வரித் தாளை அவர்களிடம் காட்டுங்கள். மருந்துச் சீட்டைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டாதீர்கள். நீங்களே படியுங்கள். நீங்கள் படித்தால் சரியாக இருக்கும்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். இனி வருடத்துக்கு ஒன்றும் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்றாவது வீடு மாறினால், புது முகவரியை மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போடுங்கள். வேறு ஒரு சொல்லும் அதில் இருக்க வேண்டாம். நான் எழுதமாட்டேன், வரமாட்டேன். இந்த ஊரில், இந்தத் தெருவில், இந்த எண்ணில் இருக்கிறார் என்று நான் தெரிந்துவைத்திருக்க ஒரு ஆளாவது எனக்கு வேண்டும்.

கண்ணுக்கு ஒரு குறையும் வராமல் நீங்கள் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கமா.